சாயம் போகும், உப்பு போகாது

திருப்பூரில் சுத்திகரிப்பு எந்திரம் விற்க வருகிறவர்கள் கையோடு இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவருவார்கள். ஒன்றில் கருநீலச் சாயத் தண்ணீர் இருக்கும். மற்றொன்றில் அதே தண்ணீர், எந்திரத்துக்குள் போய் வந்த பிறகு, எடுத்துக் குடிக்கலாம் போலத் தெளிந்து நிற்கும். பார்க்கிறவர் மனம் இளகிவிடும். இந்த ஊரை இத்தனை வருஷம் தலைகுனிய வைத்தது அந்த நிறம்தானே. ஆனால் விவரம் தெரிந்த பட்டறைக்காரர் அதோடு விடமாட்டார். சட்டைப் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டரை எடுத்து இரண்டு குடுவையிலும் முக்கிப் பார்ப்பார். எண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சில வேளை தெளிந்த குடுவையில் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும்.

ஓசோன், ஃபென்டன், புற ஊதா விளக்கு, மின் ஆக்சிஜனேற்றம், இப்போது கேவிடேஷன் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும் முறைகளுக்குப் பொதுப்பெயர் மேம்பட்ட ஆக்சிஜனேற்றம். இவை பொய்யல்ல. நல்ல வேதியியல், அதில் இந்திய ஆய்வகங்களின் உழைப்பும் நிறைய இருக்கிறது. என் கேள்வி வேறு. இவற்றைத் திருப்பூரின் குழாய்ப் பாதையில் எந்த இடத்தில் வைப்பது? இடம் தவறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துவிட்டது.

அந்த அனுபவத்தின் பெயர் ஒரத்துப்பாளையம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ப் பக்கம் காஞ்சிமாநதி என்று போற்றப்பட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலின் குறுக்கே, திருப்பூருக்குக் கிழக்கே கட்டப்பட்ட அணை அது. 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. மானாவாரிக் காடுகளுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டினார்கள். அதே காலத்தில்தான் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியும் வேகமெடுத்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு, பட்டறை ஓடினால் ஓடும் ஆறாக மாறியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிப் போனது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தண்ணீரை வயலுக்கு விடவேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

இந்த இடத்தில் பலரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் சுத்திகரிப்பே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அப்போதே வந்துவிட்டன. சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் போட்டுக் கலக்கினால் நிறம் திரண்டு அடியில் படியும். மேலே வெளிறிய தண்ணீர் நிற்கும். அதை ஆற்றில் விடுவார்கள். நிறம் குறைந்தது உண்மை. கசடு மலை போலக் குவிந்ததும் உண்மை. ஆனால் துணிக்குச் சாயம் ஏற்றப் போட்ட உப்பு, ஒரு கிராம் குறையாமல், நொய்யலில் இறங்கி அணைக்குப் போனது. அணையிலிருந்து நிலத்தடிக்கும், அங்கிருந்து கிணறுகளுக்கும் பரவியது. சுண்ணாம்பும் சல்பேட்டும் தம் பங்குக்கு உப்பைக் கூட்டத்தான் செய்தன. சூழல் இழப்பு ஆணையம் 2004இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிட்டபோது பட்டியலில் 68 கிராமங்கள் இருந்தன. விவசாயிகள் 28 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்புதான்.

அப்புறம் நடந்தது நீதிமன்ற வரலாறு. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டவேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டவேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் இலக்கு எட்டப்படவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் பாய்லர் அணைந்தது. துணி சாயமேறாமல் கிடந்தது; தையல் தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்; சாயமேற்றும் வேலை ஈரோடு, பவானி, சேலம் என்று சிதறி, அங்குள்ள வாய்க்கால்களையும் கறைப்படுத்தியது. பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து பொது நிலையங்களை மறுபடி எழுப்பியது. இன்று 18 பொது நிலையங்களும், தனியாகச் சுத்திகரிப்பு வைத்திருக்கும் ஆலைகளும் சேர்ந்து, தொழில்துறையினர் சொல்லும் கணக்குப்படி நாளொன்றுக்குச் சுமார் 13 கோடி லிட்டர் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகின்றன. பின்னலாடையில் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அதற்குரிய மரியாதையைத் திருப்பூருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

சாயத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் மீதி விளங்கும். பருத்திப் பின்னல் துணிக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். துணி தண்ணீரில் நனைந்ததும் அதன் இழை எதிர் மின்னூட்டம் கொள்ளும். சாயத்துக்கும் அதே எதிர் மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளும் இந்த இரண்டையும் கிட்டத்தில் கொண்டுவரத்தான் உப்பு. கிட்ட வந்த பிறகு சோடா சாம்பல் போட்டுக் காரமாக்கினால் சாயம் இழையோடு பிணையும். ஆனால் எல்லாம் பிணையாது. ஒரு பங்கு சாயம் இழையை விட்டுவிட்டுத் தண்ணீரோடு பிணைந்து வீணாகும். சாயத்தைப் பொறுத்து இப்படி வீணாவது ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை. கழிவுநீரின் நிறம் அதுதான்.

உப்பின் கணக்கை ஒரு பனியனை வைத்தே போட்டுப் பார்க்கலாம். சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. கிலோவுக்கு 480 கிராம். 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய நூறு கிராம் உப்பு. இதில் இழையோடு தங்குவது எதுவுமில்லை, அத்தனையும் வடிகாலுக்குத்தான். சாயம் வீணாவது கிராம் கணக்கு, உப்பு வெளியேறுவது அரைக் கிலோ கணக்கு. ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில் இது எத்தனை டன் ஆகும் என்பதை வாசகரே பெருக்கிக்கொள்ளலாம்.

இப்போது ஆக்சிஜனேற்றத்துக்கு வருவோம். இந்த முறைகள் எல்லாவற்றின் உயிர்நாடியும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற ஒரே துகள். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், துணை தேடி அலையும் ஒரு எலெக்ட்ரான். ஆக்சிஜனேற்றும் வலிமையில் குளோரினுக்கு 1.36 வோல்ட், ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 1.78, ஓசோனுக்கு 2.07 என்றால் இதற்கு 2.8. எதிரே வரும் எந்தக் கரிமப் பொருளையும் பாய்ந்து கடிக்கும். ஆயுள் மட்டும் மிகக் குறைவு, நானோ விநாடிக் கணக்கு. எனவே அதைக் கேனில் வாங்கிவைக்க முடியாது. தேவைப்படும் இடத்திலேயே பிறப்பிக்கவேண்டும். 1894இல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் இரும்பு உப்பையும் பெராக்சைடையும் சேர்த்து டார்டாரிக் அமிலத்தைச் சிதைத்துக் காட்டினார். அங்கே வேலை செய்தது இந்தத் தனியுறுப்பே என்று ஹேபரும் வைஸும் 1930களில் சொன்னார்கள். இவ்வகை முறைகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து மேம்பட்ட ஆக்சிஜனேற்றம் என்ற பெயரை 1987இல் நிலைநிறுத்தியவர் வில்லியம் கிளேஸ். ஓசோன், பெராக்சைடு, புற ஊதாக்கதிர், மின்முனை, டைட்டானியம் டை ஆக்சைடு எல்லாம் அந்த ஒரே துகளைப் பிறப்பிக்கும் வெவ்வேறு பிரசவ அறைகள்.

கேவிடேஷன் இதில் கடைசியாகச் சேர்ந்தது. ஆனால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய், பம்பு சிரமப்பட்டு உறிஞ்சும்போது உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அந்தப் பம்பைக் கழற்றி இம்பெல்லரை எடுத்துப் பார்த்தால் வெண்கலத்தில் அம்மை விழுந்தது போலக் குழிகள் இருக்கும். கல்லும் மண்ணும் இல்லாத தண்ணீர் உலோகத்தைத் தின்றது எப்படி? அழுத்தம் விழுந்த இடத்தில் தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழியாகிறது. அழுத்தம் திரும்பக் கூடும் இடத்தில் அந்தக் குமிழி உள்நோக்கி நொறுங்குகிறது. கப்பல் உந்திகள் இப்படி அரிக்கப்படுவதைப் பார்த்து, குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917இல் கணக்கிட்டுச் சொன்னவர் ரேலி பிரபு. நொறுங்கும் அந்த மைக்ரோ விநாடியில் குமிழிக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரியையும் அழுத்தம் நூற்றுக்கணக்கான வளிமண்டலத்தையும் தொடுகிறது என்று பின்னாளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் குழு அளந்தது. அந்தச் சூட்டில் நீராவி மூலக்கூறே பிளந்து ஹைட்ராக்சில் பிறக்கிறது.

பம்பைக் கெடுக்கும் அதே நிகழ்வை வேண்டுமென்றே உண்டாக்கி வேலை வாங்குவதுதான் ஹைட்ரோடைனமிக் கேவிடேஷன். குழாயில் ஓர் இடுக்கு வைத்தால் போதும். அது வென்சுரியாகவோ துளைத்தகடாகவோ இருக்கலாம். இடுக்கில் வேகம் கூடி அழுத்தம் விழும், குமிழி பிறக்கும், தாண்டியதும் நொறுங்கும். இந்தத் துறையில் உலகம் மதிக்கும் பெயர்களில் இந்தியப் பெயர்கள் உண்டு. மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனிருத்த பண்டிட்டும் பராக் கோகடேயும் பல ஆண்டுகளாக இதில் உழைத்தவர்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் விவேக் ரானடே, வினய் பண்டாரி முதலியோர் இடுக்கே இல்லாமல் சுழலை வைத்துக் குமிழி உண்டாக்கும் வோர்டெக்ஸ் டயோடைக் கழிவுநீருக்குப் பயன்படுத்தினார்கள். சுழலில் குமிழிகள் நடுவில் நொறுங்குவதால் சுவர் அரிப்பும் அடைப்பும் குறைவு. நார்ப்பஞ்சு மிதக்கும் சாயக்கழிவுக்கு இது பெரிய வசதி.

ஆனால் ரியாக்டிவ் சாயத்துக்கு வரும்போது கேவிடேஷன் ஒரு சிக்கலில் மாட்டுகிறது. இந்தச் சாயங்களில் சல்ஃபோனேட் தொகுதிகள் நிறைய இருப்பதால் அவை தண்ணீரை விட்டுப் பிரிய மாட்டா, ஆவியாகவும் மாட்டா. குமிழிக்குள் நுழைந்தால் அந்த 5,000 டிகிரியில் பொசுங்கியிருக்கும், ஆனால் நுழைவதே இல்லை. வெளியே தண்ணீரில் நின்றுகொண்டு, குமிழியிலிருந்து தப்பி வரும் தனியுறுப்புகளுக்காகக் காத்திருக்கவேண்டும். தப்பி வருபவற்றில் பெரும்பகுதி தங்களுக்குள்ளேயே இணைந்து பெராக்சைடாகிவிடும். அதனால் வெறும் கேவிடேஷன் சாயத்தை மெதுவாகத்தான் சிதைக்கிறது. கூடக் கொஞ்சம் பெராக்சைடோ ஓசோனோ இரும்போ சேர்த்தால் வேகம் பல மடங்கு கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனக்குத் தோன்றுவது இதுதான்: சாயக்கழிவைப் பொறுத்தவரை கேவிடேஷன் தனி மருத்துவர் அல்ல, மற்ற மருந்துகளை நன்றாகச் சேரவைக்கும் கை. ஓசோன் தண்ணீரில் எளிதில் கரையாது. வென்சுரியில் அதை உறிஞ்சவிட்டால் பொடிப்பொடிக் குமிழிகளாகிக் கரையும். அந்த உதவி ஒன்றுக்கே அதற்கு மதிப்பு உண்டு.

மின்சாரக் கணக்கை எந்த விற்பனைத்தாளும் தெளிவாகப் போடுவதில்லை, நாமே போடலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஐந்து பார் அழுத்தத்தில் ஒரு தடவை இடுக்கின் வழியே தள்ளக் குறைந்தது 0.14 யூனிட் தேவை. இது இயற்பியல் விதி. பேரம் பேச முடியாது. பம்பு, மோட்டார் இழப்பைச் சேர்த்தால் சுமார் 0.22 யூனிட். ஒரு தடவைக்கு இது மலிவுதான். ஆய்வகத்தில் நடப்பது வேறு. ஆறு லிட்டர் சாயத் தண்ணீரை நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றவிட்டால் அந்தத் தண்ணீர் இடுக்கை நூறு தடவை கடந்திருக்கும். அதையே ஆயிரம் லிட்டருக்குச் செய்தால் 22 யூனிட். நாளுக்கு 50 லட்சம் லிட்டர் கையாளும் ஒரு பொது நிலையத்துக்கு 1,10,000 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 8,80,000 ரூபாய், இந்த ஒரு படிக்கு மட்டும். எந்த நிலையமும் இதைத் தாங்காது. ஆகவே எத்தனை சதவீதம் நிறம் போனது என்று கேட்பதை விட, எத்தனை தடவை சுற்றியது என்று கேட்பது முக்கியம். ஒப்பீட்டுக்கு: ஆக்சிஜனிலிருந்து ஒரு கிலோ ஓசோன் தயாரிக்க எட்டுப் பத்து யூனிட் ஆகும், ஆக்சிஜன் பிரிக்கும் செலவு தனி. உயிரியல் தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஓசோன் கொடுத்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டோடு முடிகிறது.

ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வருவது மெத்திலீன் புளூ, ரோடமைன் பி, அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீரில். பனியன் துணிக்கு இவற்றை யாரும் போடுவதில்லை. நிஜக் கழிவில் பத்து வகைச் சாயம், சோப்பு, எண்ணெய் நீக்கி, சாஃப்ட்னர், நார், இவற்றோடு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் உப்பு. முக்கியமாக, சோடா சாம்பலின் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். ஹைட்ராக்சிலை வழிமறித்து விழுங்கிவிடுபவை இவை. தண்ணீர் காரமாக இருந்தால் நிலைமை மோசம். பைகார்பனேட்டை விடக் கார்பனேட் நாற்பது மடங்குக்கு மேல் வேகமாக விழுங்கும். சாய ஆலைக் கழிவோ இயல்பாகவே காரம். பிஎச்சை மூன்றுக்கு இறக்கிக் கார்பனேட்டை விரட்டிவிட்டு ஃபென்டன் செய்யலாமே என்றால், அமிலம் ஊற்றவேண்டும், முடிந்ததும் காரம் ஊற்றித் திரும்ப ஏற்றவேண்டும். இரண்டும் சேர்ந்து உப்பாகும். இரும்புக் கசடு வேறு. தெளிந்த குடுவையில் மீட்டர் கூடுதலாகக் காட்டும் ரகசியம் இதுதான்.

முடிவுகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு கண்ணிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறம் போவதும் கரிமம் போவதும் ஒன்றல்ல. சாய மூலக்கூறின் அசோ பிணைப்பு ஒன்று அறுந்தாலே நிறம் மறைந்துவிடும். மீதி உடல் துண்டுதுண்டாகத் தண்ணீரிலேயே இருக்கும், அதில் சில துண்டுகள் நச்சு அமீன்களாகவும் இருக்கலாம். அடுத்தது, பெராக்சைடு மிச்சமிருந்தால், தண்ணீரிலுள்ள கரிமத்தை அளக்கும் சிஓடி சோதனை ஏமாற்றும். மிஞ்சிய ஒவ்வொரு கிராம் பெராக்சைடும் 0.47 கிராம் வரை சிஓடியாகக் கணக்கில் ஏறும். ஒரு நல்ல முறையை மோசமாகக் காட்டவும் இதனால் முடியும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அப்படியானால் இவை வேண்டாமா? வேண்டும். ஆனால் வாசலில் அல்ல. வந்து சேரும் கழிவு முழுவதையும் ஆக்சிஜனேற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்ட கதை. தனியுறுப்புக்குப் பாகுபாடு தெரியாது. பாக்டீரியா கிட்டத்தட்ட இலவசமாகத் தின்றுவிடக்கூடிய சோப்பையும் அசிட்டிக் அமிலத்தையும் கூட அது விலையுயர்ந்த மின்சாரத்தில் எரிக்கும். திருப்பூரின் பொது நிலையங்களில் பொதுவாக இருக்கும் வரிசை இது: சேகரிப்புத் தொட்டி, காற்றூட்டும் உயிரியல் தொட்டி, தெளிப்பான், மிச்ச நிறம் போக்கக் குளோரினோ ஓசோனோ ரெசினோ, வடிகட்டிகள், ஆர்ஓ சவ்வுகள், கடைசியில் ஆர்ஓ கழித்துத் தள்ளும் ரிஜெக்டைக் காய்ச்சும் எவாப்பரேட்டர். இதில் மேம்பட்ட ஆக்சிஜனேற்றத்துக்கு நியாயமான இடங்கள் இரண்டு.

உயிரியல் தொட்டிக்கும் ஆர்ஓவுக்கும் நடுவில் ஒன்று. பாக்டீரியா தின்ன மறுத்து விட்டுவைத்த கடினமான கரிமம்தான் அங்கே இருக்கும். சவ்வின் மேல் படிந்து அடைப்பதும் அதுவே. இப்போது பல இடங்களில் அந்த வேலையைக் குளோரின் செய்கிறது. குளோரின் மலிவு, ஆனால் கரிமத்தோடு சேர்ந்து குளோரினேற்றப்பட்ட சேர்மங்களை உண்டாக்கும், உப்பையும் கூட்டும். ஓசோனும் அதற்குத் துணையாக வென்சுரியும் இந்த இடத்தில் குளோரினை வெளியேற்ற முடிந்தால் நிச்சயம் லாபம். ஒரு எச்சரிக்கை உண்டு. ஆர்ஓ சவ்வு பாலிஅமைடால் ஆனது. ஆக்சிஜனேற்றி எதுவும் அதற்கு எமன். ஹைட்ராக்சில் உடனே மறைந்துவிடும், மிச்ச ஓசோனும் பெராக்சைடும் மறையாது. சோடியம் பைசல்ஃபைட் போட்டுக் கொல்லாமல் சவ்வுக்குள் அனுப்பினால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சவ்வு ஓட்டையாகும். ஃபென்டனில் மிஞ்சும் இரும்பு சவ்வில் படிந்தால் பாதிப்பு இரட்டிப்பு.

இன்னொரு இடம் ரிஜெக்ட். என் கணிப்பில் திருப்பூருக்கு உண்மையான பயன் இங்கேதான். ஆர்ஓ 85 சதவீதத்தைத் தண்ணீராக மீட்டால், 50 லட்சம் லிட்டரில் மிஞ்சுவது ஏழரை லட்சம். உப்பும் கரிமமும் அதில் ஆறேழு மடங்கு அடர்ந்திருக்கும். இந்த ஏழரை லட்சம் லிட்டரைப் பத்துத் தடவை இடுக்கில் தள்ள 1,650 யூனிட் போதும். முன்பு பார்த்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தோடு இதை ஒப்பிட்டால் இடத்தின் மகிமை புரியும். தவிர, ஆர்ஓவுக்கு முன்பு அமிலம் விட்டுப் பைகார்பனேட்டை ஏற்கெனவே குறைத்திருப்பார்கள். சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு போடும் ஆலைகளின் ரிஜெக்டில் இருப்பது பெரும்பாலும் சல்பேட். குளோரைடு அளவுக்கு அது தனியுறுப்பின் வழியில் குறுக்கிடாது.

ரிஜெக்டைச் சுத்தமாக்குவதால் என்ன கிடைக்கும்? அதைக் காய்ச்சுவதன் விலையைப் பார்த்தால் தெரியும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 627 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. பல படி எவாப்பரேட்டர் ஒரே ஆவியை நாலைந்து தடவை பயன்படுத்தி அதை நாலில் ஐந்தில் ஒன்றாக்கும். அப்படியும் இந்தப் பாதையிலேயே அதிகம் எரிபொருள் தின்னும் படி அதுதான். விறகும் நிலக்கரியும் எரிந்து, குழாய்களில் கரிமப் பசை படிந்து, அடிக்கடி நிறுத்திக் கழுவி, கடைசியில் வருவது பழுப்பு நிறக் கலப்பு உப்பு. சாயத்துக்கு அது ஆகாது. விற்கவும் முடியாமல், மண்ணில் புதைக்கவும் கூடாமல், நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கிக்கிடக்கிறது. கசடையாவது சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. இந்த உப்பை எடுப்பாரில்லை.

2011க்குப் பிறகு அருள்புரம் பொது நிலையத்தில் தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் துணையோடு வேறு வழி ஒன்றை நடத்திக்காட்டினார்கள். ரிஜெக்டை முழுக்கக் காய்ச்சி உப்பாக்குவானேன்? சாயத் தொட்டிக்குத் தேவை உப்புக்கரைசல்தானே. நிறத்தையும் கடினத்தன்மையையும் போக்கி, அந்த அடர்ந்த உப்பு நீரையே ஆலைக்குத் திருப்பி அனுப்பினால் எவாப்பரேட்டருக்குப் போகும் அளவு சுருங்கும். என் பார்வையில் திருப்பூர் கண்டுபிடித்த மிகப் பெரிய விஷயம் இதுதான். உப்பை அழிக்க முடியாது, சுற்றவிடத்தான் முடியும். அப்படிச் சுற்றவிடத் தடையாக நிற்பது உப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிறமும் கரிமமும். ஒவ்வொரு சுற்றிலும் அவை சேர்ந்துகொண்டே போனால் வெளிர் நிறங்கள் மங்கும், ஷேடு பொருந்தாது, பார்ட்டி துணியைத் திருப்பி அனுப்புவார். ஆக்சிஜனேற்றம் செய்யவேண்டிய வேலை இதுவே: உப்பு நீரிலிருந்து கரிமத்தை மட்டும் எரித்து, உப்பை மறுபடி சாயத்துக்கு லாயக்காக்குவது. கிளாபர் உப்பைக் குளிரவைத்துப் படிகமாகப் பிரிக்கும் இடங்களிலும் இதே பயன் உண்டு. கரிமம் குறைந்த கரைசலில் படிகம் வெள்ளையாக வரும். இங்கேயும் மிச்ச ஆக்சிஜனேற்றியைக் கொல்ல மறக்கக்கூடாது. மறந்தால் அடுத்த லாட்டுச் சாயத்தைத் தொட்டிக்குள்ளேயே அது தின்றுவிடும்.

மின்முனை வழியும் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சாயக்கழிவில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் ரிஜெக்டுக்கு இது பொருத்தம் போலத் தோன்றும். ஆனால் சாதா உப்பு இருந்தால் மின்முனையில் பிறப்பது பெரிதும் குளோரின்தான். குளோரினேற்றப்பட்ட சேர்மங்கள் என்ற பழைய கவலை திரும்பி வரும்.

வெளியுலகில் பெரிய அளவில் நடந்தவற்றைப் பார்த்தால் தென் கொரியாவின் தேகு சாயத் தொழிற்பேட்டையில் 2000களின் நடுவிலேயே எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி நாளுக்கு ஒரு கோடி லிட்டரைக் கையாண்டார்கள். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஜியாங்மென் நகரில் 2020இல் மூன்று கோடி லிட்டருக்கு அதே முறையில் நிலையம் வந்தது. எலெக்ட்ரான் கற்றை தண்ணீரைப் பிளந்து ஹைட்ராக்சில் உண்டாக்குகிறது, வேதிப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. பிரமிக்க வைக்கும் வேலைதான். ஆனால் அங்கேயும் அது தீர்ப்பது நிறத்தையும் கரிமத்தையும், உப்பை அல்ல.

இன்னும் சொல்லவேண்டியது காசு யாருடையது என்பது. சாயமேற்றுவது கூலி வேலை. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஏற்றுமதியாளர் பேசுகிறார். அவரோடு லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் பிராண்டு சென்ட் கணக்கில் பேசுகிறது. சுத்திகரிப்பின் செலவு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சாய ஆலையின் மேல் விழுகிறது. செலவு ஏறினால் நேர்மையாகச் சுத்திகரிப்பவர் வேலை இழக்கிறார். இரவில் ஓடையில் திறந்துவிடும் அனுமதியற்ற பட்டறை அதே வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்குகிறது. ஆகையால் ஒரு புதுமுறை நிறத்தை எத்தனை சதவீதம் போக்கும் என்பதை விட, ஆயிரம் லிட்டருக்கான செலவை எவ்வளவு இறக்கும் என்பதில்தான் நொய்யலின் கதி இருக்கிறது.

எனவே ஒரு சோதனையைத்தான் கேட்கிறேன். ஏதாவது ஒரு பொது நிலையத்தின் ரிஜெக்ட் குழாயில், நிஜத் தண்ணீரில், நிறுத்தாமல் ஆறு மாதம் கேவிடேஷனையும் ஓசோனையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவேண்டும். கருப்பும் கருநீலமும் அதிகமாகச் சாயமேறும் மாதங்களும், வெளிர் நிறங்கள் ஓடும் மாதங்களும் அதற்குள் வரவேண்டும். அளக்க வேண்டியவை: ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், எவாப்பரேட்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை நிறுத்திக் கழுவினார்கள், திரும்பிய உப்பு நீரில் போட்ட துணியில் எத்தனை லாட் ஷேடு தவறியது, ஆறு மாத முடிவில் கொட்டகையில் கலப்பு உப்பு மூட்டை எத்தனை குறைந்தது. தமிழ்நாட்டிலேயே ஆய்வகங்கள் இருக்கின்றன, நிலையங்கள் இருக்கின்றன, கோவையில் பம்பு செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் அந்த எண்கள் அச்சில் வரவேண்டும்.

ஒரத்துப்பாளையத்தில் இன்று தண்ணீரைத் தேக்குவதில்லை. மழைக்காலத்தில் நொய்யலில் வெள்ளம் வந்தால் மதகு வழியே கீழே போய்விடுகிறது. புது வெள்ளம் இறங்கும்போது கீழ்ப்போக்கில் இருக்கிற விவசாயிகள் கரைக்கு வந்து பார்க்கிறார்கள். தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.